அறளையின் இளமைக் காலம்

எங்கட பக்கத்தில் வயதான ஒருவர் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லத் தொடங்கினால், சாப்பிட்டு அரை மணித்தியாலம் போகுமுன் "எனக்கு ஒருத்தரும் சோறு தரல்ல" என்று சண்டை பிடித்தால், "அவருக்கு அறளை பேந்திட்டு" என்பார்கள். எழுத்தில் 'அறளை பெயர்தல்' என்று வரும். தமிழ் படிப்பிக்கிறவள் என்றபடியால் எனக்கு இந்தச் சொல்லில் ஒரு பிடிப்பு உண்டு. மூளைத் தேய்வு, மறதி நோய், முதுமை மறதி என்று புதிதாக எத்தனை சொற்கள் வந்தாலும் வீட்டுக்குள்ளே வாழ்வது இதுதான். ஆனால் இந்தச் சொல் தனியே வருவதில்லை. ஒரு தீர்ப்பையும் கையில் பிடித்துக்கொண்டு வருகிறது. இது வயதின் வேலை, எழுபதுக்கு மேல் வருவது, வந்தால் வீட்டிலுள்ள பெண்கள் பொறுத்துக்கொள்ள வேண்டியது என்பது அந்தத் தீர்ப்பு. சீனி வருத்தத்தைப் பற்றிப் பேசினால் "எப்ப இருந்து?" என்று கேட்கிறோம். அறளையைப் பற்றி அப்படி யாரும் கேட்பதில்லை.

மருத்துவமும் நெடுங்காலம் அப்படிக் கேட்கவில்லை. கேட்கத் தொடங்கியபோது விடையை முதுமையிலேயே தேடியது. பிறகு நடுவயதுக்குப் போனது. இப்போது பதினெட்டு வயதில் வந்து நிற்கிறது. இப்படிப் பின்னோக்கி நடந்த ஒரு நூற்றாண்டுக் கதையைத்தான் இங்கே எழுத நினைக்கிறேன். விஞ்ஞான பாட ஆசிரியர் எழுத வேண்டிய விடயம் என்று சிலர் நினைக்கலாம். வாசிக்க வாசிக்க இதில் மருந்தைவிட மனிதர்களே அதிகம் என்று கண்டதால் துணிந்தேன்.

இதயத்தையும் மூளையையும் ஒரே கோட்டில் வைத்துப் பார்ப்பது நமக்குப் புதிதல்ல. தமிழில் 'நெஞ்சு' என்றால் மார்பும் அதுதான், நினைப்பதும் அதுதான். அகப்பாட்டில் தலைவன் தன் நெஞ்சோடு பேசுவான். மூளையோடு பேசியதாக நான் எங்கும் படித்ததில்லை. அரபியில் கல்பு என்ற சொல்லுக்கும் அந்த இரட்டைப் பொருள் உண்டு. அறிவின் இருப்பிடம் இதயமா மூளையா என்பது அரிஸ்டோட்டிலுக்கும் கேலனுக்கும் இடையில் கிடந்த பழைய வழக்கு. இப்னு சீனா தமது 'கானூன்' நூலில் அதற்கு ஒரு நடுவழி சொன்னார். நுணுகிப் பார்த்தால் இதயமே மூலம் என்ற தத்துவவாதிகளின் பக்கம் சரி. ஆனால் நோய் பார்க்கும் வைத்தியனுக்குக் கேலனின் வழியே போதும் என்றார். அந்தக் கானூனின் உடற்கூற்றுப் பகுதிக்கு 1242இல் விரிவுரை எழுதிய டமஸ்கஸ்காரர் இப்னு நபீஸ், இதயத்தின் இரு அறைகளுக்கும் நடுவிலுள்ள சுவரில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருப்பதாகக் கேலன் சொன்னதை மறுத்தார். குருதி சுவாசப்பையைச் சுற்றித்தான் மறுபக்கம் வருகிறது என்றார். இதயம் தனக்கு வேண்டிய ஊட்டத்தைத் தன் தசைக்குள் பரவியிருக்கும் கலன்களின் வழியாகவே பெறுகிறது என்றும் எழுதினார். இன்று முடியுரு நாடிகள் என்று படிப்பிக்கிறோமே, அவைதாம். அந்த விரிவுரையின் கைப்பிரதி பெர்லின் நூலகத்தில் கிடந்ததை 1924இல் தத்தாவி என்ற எகிப்திய வைத்தியர் கண்டெடுக்கும் வரை அதை உலகம் மறந்திருந்தது.

நம் சஞ்சிகைகளில் பெரும்பாலான கட்டுரைகள் இப்னு நபீஸோடு முடிந்துவிடும். "பார்த்தீர்களா, நம்மவர் அன்றே சொன்னார்" என்ற பெருமூச்சோடு. எனக்கு அதற்குப் பிறகு நடந்ததில்தான் கவனம். ஏனெனில் இதயத்துக்குச் செல்லும் கலனும் மூளைக்குச் செல்லும் கலனும் ஒரே மரத்தின் கிளைகள் என்று தெரிந்த பிறகும், அந்த மரம் இளமையில் பழுதானால் முதுமையில் எந்தக் கிளை வாடும் என்ற கேள்வியைக் கேட்க மனிதருக்கு இன்னும் பல நூறு வருடம் எடுத்தது.

1901 நவம்பரில் ஜேர்மனியின் பிராங்போர்ட் நகர மனநோய் வைத்தியசாலையில் அவுகுஸ்ட என்ற 51 வயதுப் பெண் சேர்க்கப்பட்டார். கணவர் மீது காரணமில்லாத சந்தேகம், பிறகு மறதி, பிறகு தன் பெயரையே எழுத முடியாத நிலை. 1906இல் அவர் இறந்த பின் அவரது மூளையை அலொய்ஸ் அல்ஸைமர் நுணுக்குக்காட்டியில் பார்த்தார். உயிரணுக்களுக்குள் முறுகிய நார்கள், வெளியே படிந்த திட்டுகள். அந்த வருடம் நவம்பரில் டூபிங்கன் நகரில் கூடிய வைத்தியர்கள் முன் அதை விளக்கினார். ஒரு கேள்விகூட யாரும் கேட்கவில்லையாம். 1910இல் கிரேப்பலின் தமது பாடநூலில் அதற்கு அல்ஸைமர் நோய் என்று பெயர் வைத்தார். ஒரு சின்ன விடயத்தைப் பலர் தவறவிடுகிறார்கள். 1907இல் அச்சான அல்ஸைமரின் குறிப்பில், அந்தப் பெண்ணின் மூளையின் பெரிய நாடிகளில் தடிப்பு இருந்தது என்ற ஒரு வரியும் இருக்கிறது. அது அப்படியே கிடந்தது.

அந்த நோய் 'இளையவர்களுக்கு' வரும் அபூர்வ நோய் என்று ஒதுக்கப்பட்டது. எழுபது எண்பது வயதில் வரும் மறதிக்கோ நாடிகள் இறுகியதுதான் காரணம் என்று வைத்தியர்கள் இரண்டு தலைமுறையாகச் சொல்லி வந்தார்கள். சொன்னார்களே தவிர, அந்த நாடி எப்போது இறுகத் தொடங்கியது என்று கேட்கவில்லை. 'நாடி இறுகிவிட்டது' என்பதும் நம் 'அறளை பெயர்ந்துவிட்டது' போல ஒரு முற்றுப்புள்ளிதான். 1968இல் இங்கிலாந்தின் நியூகாசிலில் பிளெஸட், டொம்லின்சன், ரொத் ஆகிய மூவர் இறந்த முதியவர்களின் மூளைகளை எண்ணிக் கணக்கிட்டுப் பார்த்தபோது அல்ஸைமர் கண்ட அதே திட்டுகள் பலரில் இருந்தன. 1974இல் ஹச்சின்ஸ்கி முதலானோர், முதியவரின் மறதிக்கெல்லாம் நாடி இறுக்கத்தைக் காரணம் காட்டுவது பிழை, குருதி ஓட்டம் தடைப்பட்டு மூளையில் சிறு சிறு பகுதிகள் செத்துப்போனால்தான் அப்படி வரும் என்று எழுதினார்கள். இரண்டும் நல்ல திருத்தங்கள். ஆனால் ஊசல் ஒரேயடியாக மறுபக்கம் போய்விட்டது. அடுத்த இருபது வருடம் ஆராய்ச்சியின் பெரும் பார்வை திட்டுகளின் பக்கம். குருதிக் கலன்களைப் பேசியவர்கள் பழைய காலத்து ஆட்கள்.

கதையின் மறுபாதி வேறொரு இடத்தில், மூளையைப் பற்றி யாரும் யோசிக்காத ஒரு வேலையாகத் தொடங்கியது. அதற்கு ஒரு ஜனாதிபதி மௌத்தாக வேண்டியிருந்தது.

பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டை நாள்தோறும் கவனித்த வைத்தியர் காது, மூக்கு, தொண்டை நிபுணர். 1944 மார்ச்சில்தான் புரூன் என்ற இளம் இதய வைத்தியர் அவரைச் சோதித்தார். குருதி அமுக்கம் 186/108; இதயம் பெருத்திருந்தது. அந்தக் காலத்தில் அதற்குப் பெரிதாக ஒரு மருந்தும் இல்லை. அதைவிட, ஒடுங்கிய நாடிகளுக்குள் குருதியைத் தள்ள உடம்புக்கு அந்த அமுக்கம் தேவை, குறைத்தால் ஆபத்து என்று நம்பிய பெரிய பெரிய வைத்தியர்களும் இருந்தார்கள். 1945 ஏப்ரல் 12ஆம் திகதி தலை வலிக்கிறது என்று சொன்ன ரூஸ்வெல்ட் மயங்கிச் சாய்ந்தார். அப்போது அளந்த அமுக்கம் 300/190. மூளைக்குள் குருதி வடிந்து 63 வயதில் இறந்தார். இதயத்தில் தெரிந்த பழுது மூளையில் முடிந்தது. உலகமே பார்த்த சான்று.

மூன்று வருடம் கழித்து, 1948இல், ட்ரூமன் தேசிய இதயச் சட்டத்தில் கையொப்பமிட்டார். அந்த வருடம் செப்டெம்பரில் பொஸ்டனுக்கு மேற்கே உள்ள ஃப்ரேமிங்ஹாம் என்ற சிற்றூரில் ஒரு வேலை தொடங்கியது. முப்பதிலிருந்து அறுபத்திரண்டு வயது வரையான ஆண் பெண் 5,209 பேரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கூப்பிட்டுச் சோதிப்பது. வைத்தியம் செய்வதற்கல்ல, யாருக்கு இதய நோய் வருகிறது, வந்தவருக்கு முன்னமே என்ன இருந்தது என்று பார்ப்பதற்கு. இருபது வருடத்துக்கென்று தொடங்கியது இன்னும் நடக்கிறது. 'ஆபத்துக் காரணி' என்று இன்று எங்கள் கிளினிக்குகளில் சுவரொட்டியில் இருக்கிறதே, அந்தக் கருத்தை மருத்துவ வழக்கில் நிலைநிறுத்தியது இந்த ஊரைப் பற்றிக் கனல் முதலானோர் 1961இல் எழுதிய கட்டுரைதான்.

அந்தச் சமயத்தில் இன்னொரு செய்தியும் வந்து, அதிர்ச்சியோடு மறக்கப்பட்டது. கொரியப் போரில் இறந்த அமெரிக்க வீரர்கள் 300 பேரின் இதயங்களை ஈனோஸ் முதலான மூன்று வைத்தியர்கள் வெட்டிப் பார்த்தார்கள். சராசரி வயது 22. நோயால் இறந்தவர்கள் அல்லர், குண்டடி பட்டவர்கள். அவர்களில் 77.3 வீதமானோரின் முடியுரு நாடிகளில் கண்ணுக்குத் தெரியக்கூடிய மாற்றம் இருந்தது என்று 1953இல் எழுதினார்கள். சிலரில் வெறும் தடிப்பு, சிலரில் குழாயே அடைபட்டிருந்தது. படையில் சேரத் தகுதி என்று முத்திரை குத்தப்பட்ட பொடியன்கள்! கிழவருக்கு வருவதென்று நினைத்த நோய் இருபது வயதில் தொடங்கி, இருபது முப்பது வருடம் சத்தமில்லாமல் இருக்கிறது என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஆனாலும் ஃப்ரேமிங்ஹாம் முப்பது வயதுக்கு மேல்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

மூளைக்கு வருவோம். 1976 முதல் 1978 வரை ஃப்ரேமிங்ஹாமில் முதியவர்களாகிவிட்ட அந்த மக்களுக்கு ஞாபகசக்திச் சோதனைகள் வைத்தார்கள். அதே காலத்தில் அளந்த குருதி அமுக்கத்தோடு ஒப்பிட்டபோது தெளிவான தொடர்பு எதுவும் கிடைக்கவில்லை. அப்படியே மூடி வைத்திருக்கலாம். எலியாஸ் என்ற உளவியலாளர் குழு பழைய கொப்பிகளைத் திறந்தது. 1956 முதல் 1964 வரை அதே ஆட்களிடம் எடுத்த அமுக்க அளவுகளில், அப்போது மருந்து எடுக்காதவர்கள் 1,702 பேரைத் தெரிந்து பார்த்தார்கள். இப்போது தொடர்பு தெரிந்தது. பத்துப் பதினைந்து வருடத்துக்கு முந்திய அமுக்கம் கூடக் கூட, இன்றைய ஞாபகம் குறைந்திருந்தது. 1993இல் இது அச்சானது. இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. இன்றைய அளவு சொல்லாததை முந்திய அளவு சொன்னது. முதுமையில் பலருக்கு அமுக்கம் தானாகவே இறங்கிவிடுவதுண்டு. அப்போது அளந்தால் எல்லாம் சரி போலத் தெரியும். குற்றவாளி இடத்தை விட்டுப் போன பிறகு வந்து தேடிய பொலிஸ் மாதிரி.

இரண்டு வருடம் கழித்து ஹவாயிலிருந்து அதே செய்தி வந்தது. ஹொனலுலுவில் ஜப்பானிய வம்சாவளி ஆண்கள் 8,006 பேரை 1965இலிருந்து பார்த்து வந்தார்கள். அவர்களில் எஞ்சிய 3,735 பேருக்குச் சராசரி 78 வயதில் அறிவுத்திறன் சோதனை வைத்தபோது, நடுவயதில் மேல் அமுக்கம் ஒவ்வொரு பத்துப் புள்ளி கூடியதற்கும் மிகக் குறைந்த புள்ளி பெறும் வாய்ப்பு 9 வீதம் கூடியிருந்தது என்று லோனர் முதலானோர் எழுதினார்கள். 1997இல் நோட்ரடாம் கன்னியாஸ்திரிகளைப் பற்றிய ஆய்வு வந்தது. பெரும்பாலும் எங்களைப் போல வாழ்நாளெல்லாம் படிப்பித்த பெண்கள். 678 பேர், இறந்தபின் மூளையை ஆய்வுக்குத் தருவதாக ஒப்பியவர்கள். இறந்த 102 பேரில் 61 பேரின் மூளைகளில் அல்ஸைமர் திட்டுகள் இருந்தன. அந்த 61 பேரிலும், திட்டுகளோடு சின்னஞ்சிறு குருதித் தடைக் காயங்களும் இருந்தவர்களிடமே மறதி நோய் மிக அதிகமாக வெளிப்பட்டிருந்தது. திட்டா, நாடியா என்ற பழைய வழக்கு இங்கே பொருளற்றுப் போனது. இரண்டும் சேர்ந்து ஒன்றையொன்று கூட்டுகின்றன. அல்ஸைமரின் 1907 குறிப்பில் கவனிப்பாரற்றுக் கிடந்த வரிக்குத் தொண்ணூறு வருடம் கழித்து வாசகர் கிடைத்தார்கள்.

ஏன் இப்படி என்பதை ஒரு பந்தியில் சொல்லிவிடலாம். மூளை உடம்பின் எடையில் நூற்றுக்கு இரண்டுதான். ஆனால் இதயம் தள்ளும் குருதியில் ஆறில் ஒன்று போல அதற்குப் போகிறது. இளமையில் பெருநாடி ரப்பர் போல விரிந்து சுருங்கி, ஒவ்வொரு துடிப்பின் அடியையும் தானே வாங்கிக்கொள்கிறது. அமுக்கம் வருடக்கணக்காகக் கூடியிருந்தால், சீனியும் புகையும் சேர்ந்தால், அது விறைத்துப் போகிறது. வாங்கப்படாத அடி நேரே மூளையின் ஆழத்திலுள்ள மயிரிழைக் கலன்களில் போய் விழுகிறது. அங்கேதான் மூளையின் ஒரு பகுதியை மற்றப் பகுதியோடு இணைக்கும் வெண்ணிற நரம்பிழைகள் ஓடுகின்றன. அவை நலிந்தால் முதலில் போவது ஞாபகம் அல்ல, வேகம். கணக்குப் பார்க்க, பெயர் எடுக்க, இரண்டு வேலையை ஒன்றாகச் செய்ய நேரம் பிடிக்கும்.

இதையெல்லாம் நடுவயதிலிருந்து கண்டார்கள். அதற்கு முன்? 1985இலும் 1986இலும் அமெரிக்காவின் நான்கு நகரங்களில், அலபாமாவின் பேர்மிங்ஹாம், சிக்காகோ, மினியாபொலிஸ், கலிபோர்னியாவின் ஓக்லண்ட் ஆகியவற்றில், 18 முதல் 30 வயது வரையான 5,115 பேரைச் சேர்த்தார்கள். 'கார்டியா' என்று அந்த ஆய்வுக்குப் பெயர். பாதிப்பேர் கறுப்பினத்தவர், பாதிப்பேர் வெள்ளையர், பாதிப்பேர் பெண்கள். படித்தவரும் படிக்காதவரும் ஏறக்குறைய சமமாக வரும்படி பார்த்துக்கொண்டார்கள். அமுக்கம், குருதிச் சீனி, கொலஸ்ட்ரோல், எடை, சாப்பாடு, புகைத்தல், தொலைக்காட்சி பார்க்கும் நேரம் எல்லாம் எழுதினார்கள். ஓடுபொறியில் ஏற்றி எத்தனை நிமிடம் தாக்குப் பிடிக்கிறார்கள் என்று பார்த்தார்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை பொறி கடினமாகும். முழுவதும் முடித்தால் 18 நிமிடம்.

அவர்களில் யாருக்கும் ஒரு நோயும் இல்லை. இருபது வயதுப் பொடியனைக் கூப்பிட்டு "உனக்கு என்ன நடக்கப் போகிறது என்று பார்க்க நாங்கள் முப்பது வருடம் காத்திருக்கிறோம்" என்று சொல்வதற்கு ஒரு பொறுமை வேண்டும். அதைவிட, அலபாமாவில் ஒரு கறுப்பின இளைஞன் அதற்குச் "சரி" என்று சொல்வதற்கு என்ன வேண்டும் என்று யோசித்துப் பார்க்கிறேன். அதே மாநிலத்தின் டஸ்கீகீயில் 1932 முதல் 1972 வரை அமெரிக்கப் பொதுச் சுகாதார சேவை, மேகநோய் கொண்ட கறுப்பின ஆண்கள் 399 பேரை, பெனிசிலின் வந்த பிறகும் மருந்து கொடுக்காமல் வெறுமனே 'பார்த்துக்கொண்டிருந்தது'. அது வெளியே வந்து பதின்மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. காத்திருந்து பார்ப்பது ஒரு நல்ல சொல்லாக இருக்க வேண்டிய அவசியமில்லை என்பது அந்த ஊர் ஆட்களுக்குத் தெரியும். ஆனாலும் வந்தார்கள். இன்று நாம் 'ஆய்வுகள் கூறுகின்றன' என்று ஒரு வரியில் எழுதிக் கடந்துவிடுகிற விடயத்துக்குப் பின்னால் இப்படிச் சிலர் நிற்கிறார்கள்.

25 வருடம் கழித்து, 2010இலும் 2011இலும், முதல்முறையாக அவர்களுக்கு அறிவுத்திறன் சோதனைகள் வைத்தார்கள். அவற்றுள் ஒன்று பதினைந்து சொற்களை வாசித்துக் காட்டித் திருப்பிச் சொல்லச் சொல்வது. இன்னொன்று இலக்கங்களுக்குப் பதிலாகக் குறியீடுகளை வேகமாக எழுதுவது. மூன்றாவது, 'சிவப்பு' என்ற சொல் பச்சை மையில் எழுதியிருக்கும்போது சொல்லை விட்டுவிட்டு நிறத்தைச் சொல்வது. முதலாவதை என் உயர்தர வகுப்பில் ஒருநாள் செய்து பார்த்தேன். கிணறு, கடிதம், வேலி, மழை என்று நானே பதினைந்து சொற்களைத் தெரிந்து ஐந்து தரம் வாசித்தேன். பிறகு அரைப் பாடவேளை யாப்பிலக்கணம் நடத்திவிட்டுத் திடீரென்று கேட்டேன். பின்வரிசைப் பிள்ளை ஒன்று பதினைந்தையும் வரிசை மாறாமல் சொன்னது. யாப்பு ஒன்றும் ஏறவில்லை. "டீச்சர், இது கிழவர்களுக்கு வைக்கிற சோதனை தானே, எங்களுக்கு எதற்கு?" என்று ஒருவன் கேட்டான். உங்கட வயதில் ஓடுபொறியில் ஏறிய ஆட்களுக்குத்தான் இதை வைத்தார்கள் என்றேன். நம்பவில்லை.

2014இல் சான்பிரான்சிஸ்கோவின் கிறிஸ்டின் யாஃபே முதலானோர் 3,381 பேரின் முடிவுகளை எழுதினார்கள். அவர்கள் பார்த்தது ஒருநாள் அளவை அல்ல. 25 வருடமும் எடுத்த அளவுகளைக் கோடாக வரைந்து அதன் கீழுள்ள பரப்பைக் கணக்கிட்டார்கள். கடைக் கொப்பிக் கணக்குத்தான். ஒவ்வொரு நாளும் எழுதுவது சின்னத் தொகை, கூட்டினால்தான் கடன் தெரியும். குருதி அமுக்கமும் சீனியும் அந்தக் கணக்கில் கூடியிருந்தவர்கள் மூன்று சோதனையிலும் பின்தங்கினார்கள். கொலஸ்ட்ரோலின் தொடர்பு அவ்வளவு சீராக இல்லை. வைத்தியர் மாத்திரை எழுதும் அளவுக்கு வராத, 'கொஞ்சம் கூட, பயப்பட ஒன்றுமில்லை' என்று அனுப்பிவிடும் அளவுகளும் கணக்கில் சேர்ந்தன என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. அந்த வருடமே வந்த இன்னொரு கட்டுரை 2,747 பேரின் ஓடுபொறிக் கணக்கைப் பார்த்தது. சராசரி 25 வயதில் ஒவ்வொரு நிமிடம் கூடுதலாக ஓடியவருக்கும் நடுவயதில் பதினைந்தில் 0.12 சொல் கூடுதலாக ஞாபகம் இருந்தது. குறியீட்டுச் சோதனையில் 0.92 கூடியது. 0.12 சொல் என்றால் சிரிப்பு வரும். ஐம்பது வயதில் இது ஒரு வித்தியாசமே அல்லதான். ஆனால் அந்த வயதில் வித்தியாசமே இருக்கக்கூடாது என்றல்லவா நினைத்திருந்தோம். 2016இல் 3,247 பேரைப் பார்த்த கட்டுரை, 25 வருடமும் நாளுக்கு மூன்று மணித்தியாலத்துக்கு மேல் தொலைக்காட்சி பார்த்து, உடற்பயிற்சியும் குறைவாக இருந்தவர்கள் குறைந்த புள்ளி பெறும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு என்றது. இன்று அதைக் கைத்தொலைபேசி என்று வாசித்தாலும் எனக்கு ஆட்சேபமில்லை.

கார்டியா இன்னொன்றையும் காட்டியது. 55 வயதை அடையும்போது கறுப்பின ஆண் பெண் இருபாலாரிலும் நூற்றுக்கு 75 பேர் வரை உயர் அமுக்கத்துக்கு ஆளாகியிருந்தார்கள். வெள்ளை ஆண்களில் 55, வெள்ளைப் பெண்களில் 40. இருபது வயதில் ஏறக்குறைய ஒரே இடத்தில் நின்றவர்கள். இடையில் நடந்தது வெறும் வயது என்று யாரும் சொல்ல முடியாது. வேலை, வருமானம், குடியிருப்பு, வைத்தியரைக் காணும் வசதி எல்லாம் நாடிக்குள் எழுதப்படுகின்றன. அறளை பெயர்வதிலும் ஏழை பணக்காரன் உண்டு என்று இதை நான் வாசிக்கிறேன்.

ஃப்ரேமிங்ஹாமிலும் இதற்குள் மூன்றாம் தலைமுறை வந்துவிட்டது. 1948இல் வந்தவர்களின் பேரப்பிள்ளைகள். அவர்களில் சராசரி 39 வயதான 579 பேரின் மூளைகளைப் படம் எடுத்து 2012இல் வெளியிட்டார்கள். மேல் அமுக்கம் கூடியவர்களின் வெண்ணிற நரம்பிழைகளில் அந்த வயதிலேயே நலிவு தெரிந்தது. மூத்தப்பா அமுக்கம் அளக்கப் போன அதே ஊரில் பேரன்.

இங்கே ஒரு எச்சரிக்கை வேண்டும். இதை வாசித்துவிட்டு, அறளை பெயர்ந்த ஒருவரைப் பார்த்து "இளமையில் கவனமில்லாமல் இருந்திருக்கிறார்" என்று யாரும் சொல்லிவிடக்கூடாது. என் மூத்தம்மா கடைசி ஆறு வருடம் என்னை என் மாமி என்றே நினைத்திருந்தார். மூத்த பிள்ளை வயிற்றில் இருந்தபோதே "ரத்தம் அழுத்தம் கூட" என்று ஆஸ்பத்திரியில் சொன்னதாக, நல்ல ஞாபகம் இருந்த காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். அதன்பின் எட்டுப் பிள்ளைகள், நெல் அவித்தல், பாய் இழைத்தல். அறுபது வரை மறுபடி யாரும் அளக்கவில்லை. இரண்டையும் முடிச்சுப் போட என்னால் முடியாது. நூற்றுக்கணக்கானோரின் சராசரி ஒரு மனுசியின் தலைவிதியைச் சொல்லாது. பரம்பரை, படிப்பு, காது கேளாமை, தலையில் பட்ட அடி என்று வேறு காரணங்களும் நிறைய. கார்டியாவிலும் தொடங்கிய 5,115 பேரில் மூன்றில் ஒரு பங்கினர் இந்தக் கணக்குக்குள் இல்லை. விடுபட்டவர்கள் பெரும்பாலும் வசதி குறைந்தவர்கள்தாம் என்பது இப்படியான எந்த நீண்ட ஆய்வுக்கும் உள்ள குறை.

அமுக்கத்தைக் குறைத்தால் அறிவு காக்கப்படுமா என்பது வேறு கேள்வி. அதற்கு அவதானிப்பு போதாது, சோதனை வேண்டும். அமெரிக்காவில் 2010இல் தொடங்கிய ஒன்றில், ஐம்பது வயதுக்கு மேற்பட்ட, சீனி வருத்தம் இல்லாத 9,361 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினரின் மேல் அமுக்கத்தை 120க்கும் மற்றப் பிரிவினரை 140க்கும் கீழே கொண்டுவர முயன்றார்கள். 2019இல் வந்த முடிவில், முதற்பிரிவில் ஆரம்பநிலை அறிவுக் குறைபாடு 19 வீதம் குறைவு. முழு மறதி நோயில் கண்ட 17 வீதக் குறைவு தற்செயலாகவும் இருக்கலாம் என்று அவர்களே ஒத்துக்கொண்டார்கள். இதயத்துக்கான பலன் தெளிவாகிவிட்டதால் 2015இலேயே சோதனையை நிறுத்த வேண்டி வந்திருந்தது, மறதி வெளிப்படக் காலம் போதவில்லை. இருபது வயதில் தொடங்கி ஐம்பது வருடம் காத்திருக்கும் அப்படியான சோதனையை யாரும் செய்ததில்லை. செய்வதற்கு ஆளுக்கு இரண்டு ஆயுள் வேண்டும்.

ஆகவே இப்போதைக்குக் கையில் இருப்பது அந்த நான்கு நகரத்து ஆட்கள்தாம். 2015இல் அவர்களுக்கு மறுபடி அந்தப் பதினைந்து சொற்களையும் வாசித்தார்கள். 2020க்குப் பிறகு முப்பத்தைந்தாம் வருடச் சோதனையும் நடந்தது. அவர்களில் மூத்தவர்கள் 1955இல் பிறந்தவர்கள். மறதி வழக்கமாக வெளியே தெரியத் தொடங்கும் வயதுக்கு இப்போதுதான் வந்து சேர்கிறார்கள். 18 வயதில் வந்த கடைசி ஆளுக்கு இன்னும் அறுபதே ஆகவில்லை. ஓடுபொறியில் யார் எத்தனை நிமிடம் நின்றார் என்ற 1985ஆம் வருடத்துக் கணக்கு மட்டும் பத்திரமாக இருக்கிறது.